பொலோனியாவில் ஒரு திண்ணை

காரைக்குடியிலிருந்து சிவில் இன்ஜினியரிங் முதுகலை படிக்க இத்தாலியின் பொலோனியாவுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அதில் முதல் இரண்டரை வாரம் தங்க இடம் கிடைக்காமல் அலைந்ததில் உடம்பும் மனசும் ஓய்ந்துபோயின. அந்த நாட்களில் படுக்கும் முன் நோட்டில் எழுதி வைத்ததைத் தேதிவாரியாகப் போடுகிறேன். விசா, டிக்கெட் கதையெல்லாம் இதில் இல்லை.

செப்டம்பர் 14, 2023, வியாழன்

இறங்கும்போதே மழை. விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு உயரத்தில் ஓடும் ஒற்றைத் தண்டவாள ரயில் ஏழே நிமிடத்தில் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து விடுதி ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு சூட்கேஸ், முதுகில் ஒரு பை. கல் பாவிய சாலையைக் கடக்கும்போது பெரிய சூட்கேஸின் சக்கரம் ஒன்று கழன்று உருண்டு போய்விட்டது. அதற்குள்தான் அப்பத்தா கொடுத்த புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சின்ன ஈயச் சொம்பு எல்லாம் இருந்தன. மழையில் நின்றபடி ஒற்றைக் கையால் அதைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நாயைக் கையில் பிடித்தபடி வந்த ஒரு பெரியவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாயின் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, சூட்கேஸின் மறுபக்கப் பிடியைப் பிடித்தார். "பியானோ, பியானோ" என்றார். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். சாலையைத் தாண்டியதும் தலைக்கு மேல் கூரை வந்துவிட்டது. கடைகள், வீடுகள் எல்லாவற்றின் மாடியும் நடைபாதைக்கு மேல் நீண்டு வந்து தூண்களில் நிற்கிறது. அடியில் நடந்தால் ஒரு சொட்டு விழவில்லை. இண்டிபெண்டென்சா தெரு முழுக்க, கிட்டத்தட்ட ஊரின் நடுச் சதுக்கம் வரைக்கும் இப்படியே போகிறது. பெரியவர் சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு, தரையைக் காட்டிச் சிரித்தார். மழமழவென்று மொசைக் தரை. எங்கள் தெருவில் முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய எந்த வீட்டுக்குள் போனாலும் இருக்குமே, சின்னச் சின்னக் கல் சில்லுகளைச் சிமென்டில் போட்டு அரைத்துத் தேய்த்த தரை, கிட்டத்தட்ட அதேதான். மூன்று சக்கரத்தோடு சூட்கேஸ் அதில் வழுக்கிக்கொண்டு வந்தது.

இதற்குப் பெயர் போர்டிகோ. வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தை நாம் போர்டிகோ என்கிறோம் இல்லையா, அந்தச் சொல்லுக்கு ஊர் இத்தாலிதான்.

பெரியவர் விடுதி வாசல் வரை வரவில்லை. கூரையும் நல்ல தரையும் வந்ததும், தன் வேலை முடிந்தது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே மழைக்குள் திரும்பிப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

செப்டம்பர் 15, வெள்ளி

விடுதியில் ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 38 யூரோ. இன்றைய கணக்கில் 3,300 ரூபாய்க்கு மேல். பத்து நாளுக்குள் அறை பார்த்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறேன்.

காலையில் காபி. இங்கே காபிக் கடைக்குப் பெயர் பார். நின்றுகொண்டு குடித்தால் 1.30 யூரோ. அதே காபியை வெளியே நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் 3 யூரோ. எல்லோரும் உள்ளே வருகிறார்கள், "புவோன்ஜோர்னோ" என்று கடை முழுக்கக் கேட்கும்படி வணக்கம் சொல்கிறார்கள், இரண்டு மடக்கில் குடிக்கிறார்கள், போகிறார்கள். வணக்கம் சொல்லாமல் ஆர்டர் கொடுத்தவள் நான் ஒருத்திதான். கடைக்காரம்மா நான் கேட்டதைக் காதில் வாங்காமல் "புவோன்ஜோர்னோ" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நானும் சொன்னேன். அப்புறம்தான் காபி வந்தது. அவர் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மதியம் மூன்று மணிக்குச் சாப்பிடப் போனால் எல்லாச் சமையலறையும் மூடியாகிவிட்டது. இனி இரவு ஏழரைக்குத்தான். பசியோடு சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மார்க்கெட் சந்துகளில் சுற்றினேன். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு பெண்கள் தொர்த்தெல்லினி மடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே அரைமணி நேரம் நின்றுவிட்டேன். மாவை ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு கட்டையால் உருட்டி உருட்டி, அடியில் இருக்கும் பலகையின் வரிகள் தெரிகிற அளவுக்கு மெலிதாக்குகிறார்கள். சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுகிறார்கள். நடுவில் குன்றிமணி அளவுக்குப் பூரணம். முக்கோணமாக மடித்து, சுண்டுவிரலில் சுற்றி, இரண்டு முனையையும் ஒட்டி ஒரு அழுத்து. விரலை உருவினால் மோதிரம் மாதிரி விழுகிறது. அவர்களில் மூத்தவருக்கு எழுபது வயதிருக்கும். பேச்சு ஒரு பக்கம் ஓடுகிறது, கண் தெருவில் இருக்கிறது, விரல்கள் மட்டும் தனியாக வேலை செய்கின்றன. கொழுக்கட்டை மடிக்கும்போது அப்பத்தாவின் கையும் இப்படித்தான்.

நான் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. தொர்த்தெல்லினிக்குள் பன்றி இறைச்சிதான். அதனால் இரவு அதன் பெரிய உருவமான தொர்த்தெல்லோனி சாப்பிட்டேன். உள்ளே ரிக்கோட்டா என்ற பாலாடை, மேலே உருக்கிய வெண்ணெயும் சேஜ் இலையும். 12 யூரோ. பில்லில் உட்கார்ந்ததற்கு மட்டும் தனியாக 2.50 போட்டிருந்தார்கள். இத்தாலியில் பல ஊர்களில் உள்ள வழக்கம்தானாம். காரம் துளிகூட இல்லை, ஆனாலும் ருசியாக இருந்தது.

செப்டம்பர் 17, ஞாயிறு

புதிதாக வந்த மாணவர்களைச் சீனியர்கள் ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். எங்கள் குழுவுக்கு வந்தவர் சட்ட வரலாற்றில் ஆராய்ச்சி செய்பவர். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இந்தத் தூண்கள் எதற்கு நிற்கின்றன என்று புரிந்தது.

இந்தப் பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகக் கணக்கு. மேற்குலகில் இதைவிடப் பழையது இல்லை. சட்டம் படிக்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். அப்போது கல்லூரிக் கட்டடம் என்று ஒன்றும் கிடையாது. மாணவர்களே சங்கம் வைத்து, ஆசிரியர்களுக்கு அவர்களே சம்பளம் கொடுத்து, தாமதமாக வந்த ஆசிரியருக்கு அபராதமும் போட்டிருக்கிறார்கள். சுவருக்குள் ஊர் நெரிந்தது. தங்க இடம் வேண்டும். வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? மாடி அறையைத் தெருப் பக்கம் நீட்டினார்கள். நீட்டிய உத்தரம் தொங்கும் என்று அடியில் மரத்தூண் கொடுத்தார்கள். இப்படித் தெருத்தெருவாக நீண்டுகொண்டே போனதுதான் போர்டிகோ.

மற்ற ஊர்கள் இந்த மாதிரி நீட்சிகளைத் தெருவை அடைக்கிறது என்று இடிக்கச் சொன்னபோது, பொலோனியா 1288இல் அதற்கு நேர் எதிராக ஒரு சட்டம் போட்டது. புது வீடு கட்டினால் போர்டிகோவோடுதான் கட்ட வேண்டும். இல்லாத வீடு சேர்த்துக் கட்ட வேண்டும். தரை வீட்டுக்காரருடையது, பராமரிப்பதும் அவர் பொறுப்பு. ஆனால் நடக்கிற உரிமை ஊருக்கு. குதிரைமேல் இருப்பவனும் தலை இடிக்காமல் போகிற உயரம் வேண்டும் என்று அளவும் வைத்தார்கள், ஏழு அடி. அந்தக் காலத்து பொலோனியா அடிக்கணக்கில் அது இன்றைய 2.66 மீட்டர். இப்போது ஊரில் மொத்தம் 62 கிலோமீட்டர் போர்டிகோ இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் கசா இசோலானி என்ற 13ஆம் நூற்றாண்டு வீட்டின் முன்னால் நிறுத்தினார். எட்டு ஒன்பது மீட்டர் உயரத்துக்கு ஓக் மரத்தூண்கள். 1568இல் மரத்தூண்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கல்லோ செங்கல்லோ வைக்கச் சொல்லி ஆணை வந்தும் தப்பிப் பிழைத்தவை. ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன். ஆள் கை படுகிற உயரம் வரை வழவழப்பாகக் கறுத்திருக்கிறது, அதற்கு மேலே வெடிப்பு வெடிப்பாகச் சாம்பல் நிறம். எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்குத் தூணும் இதே மாதிரிதான், சாய்ந்து உட்கார்ந்தவர்களின் முதுகு பட்டுப் பட்டு ஒரு உயரம் வரை மினுங்கும்.

இரவு அப்பத்தாவிடம் வீடியோவில் தெருவைக் காட்டினேன்.

"திண்ணைதானே ஆத்தா இது. உக்கார மேடை கட்டலையாக்கும்?"

"இல்ல அப்பத்தா, நடக்கத்தான்."

"ராத்திரி வழிப்போக்கன் வந்தா படுக்க விடுவாகளா?"

படுத்திருக்கிறார்கள். விடுதிக்கு வரும் வழியில் அட்டைப் பெட்டியை விரித்து, போர்வையை இழுத்துப் போர்த்தி மூன்று பேர். காலடியில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். அதையும் சொன்னேன். "அப்ப நல்ல ஊருதான்" என்றார். ஊருக்குள் மனிதர்கள் தெருவில் படுக்கும்படி இருப்பது எனக்கு அப்படி நல்லதாகத் தெரியவில்லை. ஆனால் அப்பத்தாவிடம் அதை வாதாடவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

வகுப்பு தொடங்கியது. சரகோசா என்ற பழைய நகர வாசலுக்குப் பக்கத்தில், மேட்டில், 1930களில் கட்டிய நெட்டைக் கோபுரம் வைத்த கட்டடம். ஒன்பது மணி வகுப்பு என்றால் ஒன்பதேகாலுக்குத்தான் ஆரம்பம். அதற்கு "கல்விக் கால்மணி" என்று பெயரே உண்டு. தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழி. மதிப்பெண் முப்பதுக்கு, 18 எடுத்தால் தேர்ச்சி. வந்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதலாமாம். பேராசிரியர் இதைச் சொன்னபோது நம்பாமல் பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டேன். உண்மைதான்.

செப்டம்பர் 21, வியாழன்

இன்று வரை 43 பேருக்கு அறை கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்தது ஒன்பது. நேரில் பார்த்தது நான்கு.

முதலாவதில் ஜன்னலே இல்லை. இரண்டாவதில் ஒரு கட்டிலுக்கு 350 யூரோ, அறையில் இன்னொரு பெண், சமையலறை கிடையாது. மூன்றாவது வீட்டில் நன்றாகப் பேசினார்கள். அங்கே இருக்கும் நான்கு மாணவிகளே என்னை நேர்காணல் மாதிரி உட்கார வைத்து, என்ன சமைப்பாய், எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று கேட்டார்கள். என்னைத் தவிர இன்னும் பதினோரு பேர் வரிசையில். நான்காவது வீட்டுக்காரர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே அறை போய்விட்டது என்றார். விளம்பரம் இரவு வரை அப்படியே இருந்தது.

மிக மோசமாகப் போயிருக்க வேண்டியது ஐந்தாவது. அழகான படங்கள், 380 யூரோ வாடகை. வீட்டுக்காரர் தான் லண்டனில் இருப்பதாகவும், 900 யூரோ அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் எழுதினார். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பியிருந்தார். எனக்கு இருந்த களைப்பில் பணம் அனுப்பும் பக்கம் வரை போய்விட்டேன். விடுதி வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் வங்கி எண்ணைச் சரிபார்க்கக் கொடுத்தபோது, அவள் என் போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "இந்த மாதம் இப்படி அழுதுகொண்டு நிற்பவர்களில் நீ நாலாவது ஆள்" என்றாள். வீட்டைப் பார்க்காமல், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் ஒரு யூரோகூடக் கொடுக்காதே என்று இரண்டு முறை சொல்ல வைத்தாள். இங்கே படிக்க வருகிறவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன்.

இந்த வருஷம் மே மாதம் மிலானில் ஒரு மாணவி வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கல்லூரி வாசலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தாள். அது பொலோனியா உட்படப் பல ஊர்களுக்குப் பரவியது. ஞாயிறு கேட்ட இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மாணவர் குடியிருக்கும் வீட்டுக்குக் கூடுதல் வாடகை தருகிறேன் என்று போய் அவர்களைக் கிளப்பக் கூடாது என்று 1189இல் போப் மூன்றாம் கிளமென்ட் கட்டளையிட்டாராம். 834 வருஷமாக இந்த ஊரில் பிள்ளைகள் வாடகைக்காகத் தவித்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் வந்த அத்தனை பேரும் எங்கோ படுத்து எழுந்துதான் படித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது, கொஞ்சம் தூக்கம் வந்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு

போனை விடுதியிலேயே வைத்துவிட்டு சான் லூக்கா குன்றுக்கு நடந்தேன். சரகோசா வாசலில் தொடங்கி உச்சியில் இருக்கும் மாதா கோயில் வரை ஒரே போர்டிகோ. ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள். 200 வரை எண்ணினேன், பிறகு மேடு தொடங்கி மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை விட்டுப்போனது.

1433இல் விடாத மழையில் பயிர் அழுகிப்போக, மாதா படத்தை மலையிலிருந்து ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். மழை நின்றதாம். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மே மாதவாக்கில் படம் இறங்கி வருகிறது. மழையில் நனையாமல் வரவே 1674இல் இந்தக் கூரையைக் கட்டத் தொடங்கினார்கள். மலைமேல் கல்லும் செங்கல்லும் ஏற்றுவது எப்படி? 1677 அக்டோபர் 17 அன்று ஊர் மக்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி மேலே அனுப்பியிருக்கிறார்கள். கட்டுமானம் படிக்கிறவள் என்பதால் எனக்கு இது மனசில் நன்றாகப் பதிந்தது. ஒரு செங்கல் மலை ஏற எத்தனை கை வேண்டும் என்று நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். ஒரு மீட்டருக்கு ஒருவர் என்றால்கூட மேட்டுப் பகுதிக்கு மட்டும் இரண்டாயிரம் பேர்.

27 டிகிரி வெயில். வழியெல்லாம் ஓடுகிறவர்கள், ஜெபமாலை உருட்டிக்கொண்டு ஏறும் பாட்டிகள். பாதியில் படியில் உட்கார்ந்திருந்தபோது, கீழ்ப்படியில் இருந்த வயதான தம்பதி காகிதப் பையைத் திறந்து ஒரு கொத்துத் திராட்சை நீட்டினார்கள். கறுப்பு, சின்னது, விதை நிறைய, வாய் முழுக்கத் தித்திப்பு. "இந்தியாவா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆமாம் என்றதும், "எவ்வளவு தூரம், உன் அம்மா பாவம்" என்று சொல்லி இன்னொரு கொத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

இத்தாலிக்கு வந்து எட்டு வேலை நாளுக்குள் வதிவிட அனுமதிக்குத் தபால் நிலையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மொத்தம் 116 யூரோ 46 சென்ட். அதில் 16 யூரோ ஸ்டாம்பைத் தபால் நிலையத்தில் தேடக் கூடாது, வாசலில் பெரிய "டி" எழுத்துத் தொங்கும் புகையிலைக் கடையில்தான் வாங்க வேண்டும். எனக்கு அது தெரியாது. இரண்டு மணி நேரம் காத்திருந்து என் எண் வந்தபோது ஸ்டாம்பும் இல்லை, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்துக்கும் ஜெராக்ஸும் இல்லை. திரும்ப வந்து மறுபடி வரிசை. கைரேகை வைக்க ஜனவரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். விலாசம் என்ற இடத்தில் விடுதி விலாசத்தை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது.

செப்டம்பர் 28, வியாழன்

கடைசியில் அறை கிடைத்தது பச்சை மிளகாய் வழியாக.

இங்கே தெருவுக்குத் தெரு வங்கதேசத்துக்காரர்களின் சின்ன மளிகைக் கடைகள் உண்டு, இரவு வரை திறந்திருக்கும். சான் வித்தாலே தெருவில் ஒரு கடையில் பச்சை மிளகாயும் மசூர் பருப்பும் வாங்கினேன். "பாய்" என்று கூப்பிட்டேன். நம்மூர்ப் பழக்கத்தில் வந்தது, அவர்களுக்கும் அண்ணன் தம்பிக்கு அதே சொல்தான். கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இத்தாலியன், கொஞ்சம் கை ஜாடை. எங்கே சமைப்பாய் என்று கேட்டார். விடுதியில் சமையலறை இருக்கிறது, அறை தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கடைப் பையனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, என்னை எதிர் வரிசையில் ஒரு கதவுக்கு அழைத்துப் போனார். மணியை அழுத்தி, மேலே பார்த்து "சின்யோரா!" என்று கூப்பிட்டார். பதினாறு வருஷமாக அந்த அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டில் கட்டுகளை மாடி ஏற்றிக் கொடுப்பவர் அவர்.

சின்யோராவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் வயது. மூன்றாவது மாடியில் அவருக்குச் சொந்தமான இன்னொரு வீட்டில் இரண்டு மாணவிகள், ஒரு அறை காலி. விளம்பரம் கொடுக்கப் பயமாம், ஒரே நாளில் நூறு பேர் கூப்பிடுகிறார்கள் என்றார். 420 யூரோ வாடகை, இரண்டு மாத அட்வான்ஸ், முறையாகப் பதிவு செய்த ஒப்பந்தம். பாய் கதவோரம் நின்றபடியே, "நல்ல பெண், நான் பொறுப்பு" என்று சொன்னார். பதினைந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவர் என்னைப் பார்த்தார். எதை நம்பிச் சொன்னார் என்று தெரியவில்லை. மிளகாய்க்கு அன்று காசு வாங்கவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

குடி வந்தாயிற்று. 17 இரவு விடுதிக்கே 646 யூரோ போய்விட்டது.

அறை பத்தடிக்கு ஒன்பதடி. தரையில் தேய்ந்த சிவப்பு ஓடு. மர உத்தரம் தெரியும் கூரை. ஒரு ஜன்னல், பச்சை மரக் கதவு. வீட்டில் ஒரு பெண் தெற்கே பூலியாவிலிருந்து வந்தவள், இன்னொருத்தி ஈரான். முதல் நாள் பருப்பு ரசம் வைத்தேன். ஈரான்காரி இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். பூலியாக்காரி தும்மித் தும்மிக் குடித்து முடித்தாள்.

கட்டிலை எங்கே போடலாம் என்று அளந்தபோதுதான் கவனித்தேன். படிக்கட்டு இருக்கும் சுவர் உள்ளே ஒரு இடத்தில் முடிகிறது, என் அறை அதைத் தாண்டித் தெருப் பக்கம் இரண்டரை மீட்டர் நீண்டு நிற்கிறது. அதாவது நான் படுத்திருப்பது போர்டிகோவுக்கு நேர் மேலே. யாரோ ஒரு மாணவனுக்காகத் தெருவின்மேல் நீட்டிய அந்த அறைகளில் ஒன்று. தலையணைக்குக் கீழே இரண்டு மாடி, அதற்கும் கீழே ஊர் நடக்கிறது.

அப்பத்தா ஈயச் சொம்பை ஜன்னல் மேடையில் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

அக்டோபர் 4, புதன்

ஊர்க் காவல் புனிதர் பெத்ரோனியோவின் திருநாள், விடுமுறை. அவர் கோயில் முகப்பின் கீழ்ப்பாதி சலவைக்கல், மேல்பாதி வெறும் செங்கல், முடிக்காமலே விட்டது. சதுக்கம் நிறையக் கூட்டம். பக்கத்தில் பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம் உண்டு. ஒரு மூலைத் தூணில் முகம் வைத்து மெதுவாகப் பேசினால் எதிர்மூலையில் காது வைத்தவருக்குக் கேட்கும். நான் தமிழில் பேசினேன், ஈரான்காரி பார்சியில் பதில் சொன்னாள். இருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் காதுக்குள் மூச்சுகூடக் கேட்டது. திரும்பும்போது அவள் கண் கலங்கியிருந்தது. வீட்டு ஞாபகம் என்றாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

எங்கள் தெரு தொடங்கும் இடத்தில் இரண்டு கோபுரங்கள். அசினெல்லி 97 மீட்டர், 498 படி. பட்டம் வாங்கும் முன் ஏறிய மாணவன் பட்டம் வாங்க மாட்டான் என்று இங்கே ஒரு நம்பிக்கை, அதனால் நான் ஏறவில்லை. குட்டையானது கரிசெண்டா, 48 மீட்டர். பீசா கோபுரத்துக்கு நிகரான சாய்வு. கட்டிய கொஞ்ச காலத்திலேயே மண் இறங்க, 14ஆம் நூற்றாண்டில் உச்சியை இடித்து உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

நேற்று அதைச் சுற்றியுள்ள இடத்தை அடைத்துவிட்டார்கள். உள்ளே வைத்திருக்கும் கருவிகள் காட்டும் அசைவு கவலை தருகிறதாம். அடித்தளம் செலனைட் என்ற ஜிப்சக் கல், அதன் வலு குறைந்துபோயிருக்கிறது. அசினெல்லியையும் மூடிவிட்டார்கள். பஸ் தடம் மாறியதில் வகுப்புக்குப் போக இருபது நிமிடம் கூடுதல். வேலிக்கு வெளியே ஜனங்கள் பேசாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் சின்யோராவும் வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களைப் போல நின்றார். "நீ இன்ஜினியர்தானே, விழுமா?" என்று கேட்டார். விழாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டு, பீசாவை அப்படித்தான் காப்பாற்றினார்கள் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்வரை விடவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

நள்ளிரவுக்கு மேல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தார்கள். அந்தக் கூடுதல் ஒரு மணியில் மழை பிடித்துக்கொண்டது. தூக்கம் கலைந்து படுத்திருந்தேன்.

தெருக் கற்களில் சூட்கேஸ் சக்கரம் தடதடவென்று வரும் சத்தம். திடீரென்று சத்தம் மாறி, வழுவழு தரையில் உருளும் ஓசையானது. கூரைக்குள் வந்துவிட்டார்கள். எனக்கு நேர் கீழே நின்றது. எழுந்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மழையும் எதிர் வீட்டுத் தூண்களும் தெரிந்தன. என் அறைக்கு அடியில் நிற்பவர் எனக்குத் தெரியவில்லை, தெரியவும் முடியாது. ஒரு பையனின் குரல் மட்டும் கேட்டது, போனில், எனக்குப் புரியாத மொழியில். அம்மாவிடம் பேசுகிற குரல். சரி சரி என்று சொல்வதுபோல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். கதவைத் திறந்தபோது மழை நின்றிருந்தது, அவன் போய்விட்டிருந்தான். மொசைக் தரையில் இரண்டு சக்கரத்தின் ஈரத்தடம் தூண் வரிசையோடு கோபுரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.